இரண்டு நாள் பம்பாய்: ஊரிலிருந்து வரும் நண்பனை எங்கே கூட்டிப் போவது?

பாளையங்கோட்டையிலிருந்து நண்பன் போன் செய்தான். கல்யாணில் ஒரு கல்யாணமாம். வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிடும், சனியும் ஞாயிறும் என்னோடுதான், திங்கள் காலை ரயில். “பம்பாயை முழுசாச் சுத்திக் காட்டிரு, என்னல?” என்றான். 1995-இல் பெயர் மும்பை என்று மாறினாலும் திருநெல்வேலிப் பக்கத்துக்கு இது இன்னும் பம்பாய்தான்.

‘முழுசா’ என்ற சொல்தான் இடிக்கிறது. செம்பூரில் பத்தொன்பது வருடமாகக் குடியிருக்கிறேன், நானே இந்த ஊரை முழுசாகப் பார்த்ததில்லை. இரண்டு நாளில் எதைக் காட்டுவது, எதை விடுவது என்று நானும் மனைவியும் ஒரு வாரம் பேசினோம். பேசினோம் என்பது கொஞ்சம் நாகரிகமான சொல். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். முலுண்டிலும் தாணேவிலும் டோம்பிவிலியிலும் இருக்கிற தமிழ் வீடுகளில் ஊரிலிருந்து ஆள் வரும்போதெல்லாம் நடக்கிற பேச்சுதான் இது, யாருக்காவது உதவும்.

கணக்குப் போடும்போதே ஒரு விஷயம் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. இவன் ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக என் அம்மாவைப் போய்ப் பார்ப்பான். அம்மா கேட்கப் போவது கேட்வே ஆஃப் இந்தியாவைப் பற்றி இல்லை. வீட்டில் தண்ணீர் வருகிறதா, என்ன சாப்பிடுகிறான், வேலைக்கு எப்படிப் போகிறான், அக்கம்பக்கத்தில் நம்ம ஆட்கள் இருக்கிறார்களா, இவ்வளவுதான் கேள்வி. ஆக, வருகிறவன் விருந்தாளி மட்டுமில்லை, துப்பறிய வருகிறவனும்கூட.

இதற்கு முன் ஒருமுறை சூடு பட்டிருக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன் மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு வந்தார். ‘ஒரே நாளில் பதினொரு இடம்’ என்று ஒரு டிராவல்ஸ்காரர் நோட்டீஸ் கொடுத்தார், நானும் நம்பிக் காரைப் பிடித்தேன். காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு பத்துக்கு வந்தோம். இறங்கிப் பார்த்தது நாலு இடம். மிச்சத்தை டிரைவர் கண்ணாடி வழியாகக் கையைக் காட்டினார். ஊருக்குப் போன பிறகு, பம்பாயில் என்ன பார்த்தீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, “முன்னால போன டெம்போவோட முதுகைப் பார்த்தேன்” என்றாராம். தப்பில்லை, அதைத்தான் பார்த்தார்.

அதனால் இந்தத் தடவை இடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் வண்டியைப் பற்றி முடிவெடுத்தோம். வாடகைக் கார் வசதிதான், பெரியவர்கள் இருந்தால் வேறு வழியும் இல்லை. ஆனால் செம்பூரிலிருந்து தெற்குப் பக்கம் போய்வர எவ்வளவு நேரம் ஆகும் என்பது காருக்கே தெரியாது. ஆட்டோ சயான் வரைதான். அதற்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது, டாக்சிதான் பிடிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள், நான்கூட முதலில் ஏமாற்றுகிறார்களோ என்று நினைத்தேன். சுரங்க மெட்ரோ ஆரேயிலிருந்து கஃப் பரேட் வரை 2025 அக்டோபரில் முழுசாக ஓட ஆரம்பித்துவிட்டது. குளுகுளுவென்று சுத்தமாக இருக்கிறது. ஆனால் செம்பூருக்கு அது வரவில்லை, வந்தாலும் பூமிக்கு அடியில் போகிற வண்டியில் ஊரை எங்கே காட்டுவது?

மிச்சம் லோக்கல் ரயில். எனக்கு இதில் இரண்டாவது யோசனையே இல்லை. இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16-இல் இப்போதைய சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) இருக்கிற போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடியது, 34 கிலோமீட்டர். அன்றிலிருந்து இந்த ஊர் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்திருக்கிறது. லோக்கலில் ஏறாதவன் பம்பாய் பார்த்தேன் என்று சொல்லக்கூடாது. ஆனால் நேரம் பார்க்க வேண்டும். காலை பத்தரைக்கு முன் தெற்கே போகிற வண்டியில் புது ஆளை ஏற்றினால் நட்பு முறிந்துவிடும். சாயங்காலம் ஐந்துக்கு மேல் எட்டரை வரை வடக்கே வருகிற வண்டியும் அப்படியே. சனிக்கிழமை பதினொரு மணி வாக்கில் செம்பூர் வழியாகப் போகிற ஹார்பர் லைனில் ஏறினால் நிற்க இடம், அதிர்ஷ்டம் இருந்தால் நாலாவது சீட்டு.

நாலாவது சீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லோக்கலில் மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலு பேர் உட்காருவது சட்டத்தில் இல்லாத சட்டம். நாலாவது ஆளுக்குக் கிடைப்பது பாதித் தொடைக்கு இடம். மிச்ச உடம்பு நடைபாதையில் நிற்கும், ஒரு கால் தூண் மாதிரி ஊன்றியிருக்கும். உட்காருவதற்கு முன் வாயைத் திறக்க வேண்டியதில்லை, பக்கத்தில் போய் நின்று லேசாகக் கையை அசைத்தால் மூன்று பேரும் ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக நகர்ந்து கொடுப்பார்கள். முகத்தைப் பார்க்க மாட்டார்கள், பேச்சை நிறுத்த மாட்டார்கள். இந்த ஊரின் மரியாதை இந்த ஒரு அங்குலத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு எச்சரிக்கை. மெகா பிளாக். தண்டவாள வேலைக்காக ஞாயிறுகளில் முற்பகல் பதினொன்றை ஒட்டி ஆரம்பித்துப் பிற்பகல் நாலு, நாலரை வரை ஏதாவது ஒரு பகுதியில் வண்டியை நிறுத்திவிடுவார்கள். ஹார்பர் லைனுக்கு இது வாராவாரம் வருகிற விருந்தாளி. ஆகவே தூரமாகப் போக வேண்டியதைச் சனிக்கிழமைக்கும், பக்கத்தில் சுற்ற வேண்டியதை ஞாயிறுக்கும் வைப்பது என்று முடிவானது. இதுவரை சண்டை இல்லை.

சண்டை குகையில் ஆரம்பித்தது.

இந்த ஊரில் பாறையைக் குடைந்த பெரிய இடங்கள் இரண்டு இருக்கின்றன. கேட்வேயிலிருந்து படகில் போகிற எலிஃபண்டா, போரிவிலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற கான்ஹேரி. இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. இரண்டையும் இரண்டு நாளில் பார்க்கலாம்தான், அப்புறம் வேறெதையும் பார்க்க முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மனைவி கான்ஹேரி பக்கம். அவள் சொன்ன நியாயங்கள் வலுவானவை. மொத்தம் 109 குகைகள். கி.மு. முதல் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி ஆயிரம் வருடம் பௌத்த பிக்குகள் தங்கிப் படித்து வாழ்ந்த இடம். சைத்தியம் என்கிற பெரிய வழிபாட்டுக் கூடத்தின் வாசல் இரண்டு பக்கமும் ஏழு மீட்டர் உயரத்துக்குப் புத்தர் நிற்கிறார். என்னைக் கேட்டால் சிலைகளைவிட அங்கே இருக்கிற தண்ணீர் ஏற்பாடுதான் அதிசயம். பாறைச் சரிவில் வாய்க்கால் வெட்டி, ஒவ்வொரு குகைக்கும் பக்கத்தில் தொட்டி குடைந்து, மழைநீரை வருடம் முழுக்க வருகிற மாதிரி சேர்த்து வைத்திருக்கிறார்கள். குகைக்குள் பிக்கு படுப்பதற்குக் கல்லிலேயே திண்ணை. எங்கள் ஊர்ப் பக்கம் மறுகால்தலைப் பாறையில் இருக்கிற கற்படுக்கையைப் பார்த்தவனுக்கு இது சட்டென்று புரியும், அங்கே ஒரு குகை, இங்கே ஒரு ஊரே. சுற்றிலும் நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு. சிறுத்தை இருக்கிற காடு, ஒன்றரைக் கோடிப் பேர் வாழ்கிற ஊரின் நடுவில்.

ஆனால் செம்பூரிலிருந்து போரிவிலி போவது? குர்லாவில் மாறி, தாதரில் மாறி, வெஸ்டர்ன் லைன் பிடித்து, இறங்கி, பூங்கா வாசலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே பஸ்ஸில் போக வேண்டும். பூங்காவுக்கு வார இறுதியில் பாதி ஊர் கிரிக்கெட் மட்டையோடு வந்து நிற்கும். நண்பன் வருவதோ ஜனவரியில், அப்போது பாறை காய்ந்து கிடக்கும், நான் சொன்ன வாய்க்கால்களில் பொட்டுத் தண்ணீர் இருக்காது. கான்ஹேரி மழைக்கால இடம். ஜூலையில் ஒருவன் வந்தால் கேள்வியே இல்லை, அங்கேதான் கூட்டிப் போவேன். படிக்கட்டிலேயே தண்ணீர் சலசலவென்று இறங்கும். எலிஃபண்டாவுக்கோ மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகையே நிறுத்திவிடுவார்கள்.

எலிஃபண்டாவுக்கு என் வாதம் படகிலிருந்து ஆரம்பிக்கிறது. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பேசலாம். பதினெட்டு வருடமாகக் கல்யாணத்திலும் துஷ்டியிலும் பத்துப் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்ட நண்பனோடு இரண்டு மணி நேரம் சும்மா உட்கார இந்த ஊரில் வேறு எங்கே இடம் இருக்கிறது? மேல்தளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுத்துவிட வேண்டும். குளிர்காலத்தில் கடற்பறவைகள் படகோடு கூடவே பறந்து வரும். சரக்குக் கப்பல்கள் வரிசையாக நங்கூரம் போட்டு நிற்கும், தூத்துக்குடித் துறைமுகத்தைப் பார்த்தவன்கூட வாயைப் பிளப்பான். 2024 டிசம்பரில் இந்தத் தடத்தில் ஒரு பெரிய படகு விபத்து நடந்தது, அதற்குப் பிறகு லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் கறாராக இருக்கிறார்கள். கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது நல்லது. வியர்வை நாற்றம் அடிக்கும், பரவாயில்லை.

இறங்கினால் படகுத்துறையிலிருந்து ஒரு நடை, பிறகு நூற்றுச் சொச்சம் படிகள், இரண்டு பக்கமும் தார்ப்பாய்க் கடைகள். குரங்கு கையில் இருக்கிற பாட்டிலைப் பிடுங்கும். இதையெல்லாம் தாண்டி முதல் குகைக்குள் நுழைந்தால் ஒரு நிமிடம் ஒன்றும் தெரியாது. வெளியே அடித்த வெயிலுக்குக் கண் இருட்டாகிவிடும். நிற்க வேண்டும். மெதுவாக எதிர்ச் சுவரிலிருந்து ஒரு முகம் வரும். அப்புறம் இடது பக்கம் மீசையும் கோபமுமாக ஒன்று. அப்புறம் வலது பக்கம் தாமரையைப் பிடித்தபடி, பெண்ணின் சாயலில் ஒன்று. இருபது அடி உயரம், ஆறாம் நூற்றாண்டு வேலை. மும்மூர்த்தி என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், மூன்றும் சிவனேதான். சதாசிவ வடிவம். 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

சிவன் கோயில் வாசலில் வளர்ந்தவனுக்கு எலிஃபண்டாவில் யாரும் எதுவும் விளக்க வேண்டியதில்லை என்பது என் இரண்டாவது வாதம். வெளிநாட்டுக்காரர்கள் கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு தடுமாறுகிற இடத்தில் நம் ஆள் நேராகப் போய் “இது அர்த்தநாரி, இது கங்கையைத் தாங்குறது, இது ராவணன் கைலாசத்தைத் தூக்குறது, இது கல்யாணக் கோலம்” என்று வரிசையாகச் சொல்லிவிடுவான். கழுகுமலை வெட்டுவான் கோயிலை மேலிருந்து கீழே வெட்டினார்கள், இதைப் பக்கவாட்டில் உள்ளே குடைந்தார்கள், இரண்டையும் ஒப்பிட்டு ஒரு அரை மணி நேரம் பேசலாம். கான்ஹேரியில் அவனுக்கு வழிகாட்டி தேவைப்படுவார், நானும் வாயை மூடிக்கொண்டு கூட நடக்க வேண்டியிருக்கும்.

மனைவி கேட்ட ஒரே கேள்வி: “சரி, உங்களுக்குப் பேசணும், அதுக்கு எதுக்கு நூறு படி?” பதில் இல்லை. ஆனாலும் எலிஃபண்டா ஜெயித்தது. வீட்டில் கிளம்பித் திரும்ப ஏழெட்டு மணி நேரம் ஆகும் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டேன்.

தெற்கு மும்பையின் கட்டடங்கள் தனித் திட்டமாகவே இருக்கத் தகுதியானவை, சிலர் ஒரு நாள் முழுக்க அதற்கே கொடுப்பார்கள். சிஎஸ்எம்டி நிலையம் 1878-இல் ஆரம்பித்துப் பத்து வருடம் கட்டியது, ஃபிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் வரைந்தது. வாசல் தூண்களில் ஒன்றில் சிங்கம், ஒன்றில் புலி. எதிர்ப்பக்கம் மாநகராட்சிக் கட்டடத்தை ஒட்டி நின்று பார்த்தால்தான் முழுசாகக் கண்ணுக்குள் வரும், நிலையத்துக்குள்ளிருந்து ஓடுகிறவர்கள் யாரும் அதை அண்ணாந்து பார்ப்பதில்லை, நானும்தான். ஓவல் மைதானத்தின் கிழக்கே உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், 85 மீட்டர் ராஜாபாய் மணிக்கூண்டு, மேற்கே வளைந்த பால்கனிகளோடு ஆர்ட் டெகோ பாணிக் குடியிருப்புகள், நடுவில் கணக்கில்லாத கிரிக்கெட் ஆட்டங்கள். 2018-இல் இந்த இரண்டு வரிசையையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தார்கள். எப்படியும் சிஎஸ்எம்டியில் இறங்கி கேட்வேக்குப் போகத்தான் வேண்டும், டாக்சி பிடிக்காமல் நடந்தால் இரண்டரை கிலோமீட்டரில் பாதி வேலை முடிந்துவிடும். தனி நாள் வேண்டாம் என்று விட்டோம். கேட்வேயில் கால் மணி நேரம் போதும், அது எப்படியும் படகு ஏறுகிற இடம்தான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். இங்கே மனைவிதான் சரி என்று பின்னால் தெரிந்தது, முழுக்க இல்லை.

என் ஆசை பழைய தமிழ்ப் பகுதியான மாட்டுங்கா. அவள் கேட்டாள், “திருநெல்வேலியிலிருந்து முப்பத்தஞ்சு மணி நேரம் ரயில்ல வந்தவருக்கு இங்க இட்லி வாங்கிக் கொடுக்கப் போறீங்களா?” கேள்வி நியாயம். மாட்டுங்காவில் ராம் ஆஷ்ரய் 1939-இலும், கஃபே மெட்ராஸ் 1940-இலும், ராமா நாயக் உடுப்பி போர்டிங் 1942-இலும் ஆரம்பித்தவை, வாசலில் ஞாயிறு காலை குஜராத்திக்காரர்களும் மராட்டிக்காரர்களும் பேர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அந்த வரிசையில் ஒரு நெல்லைக்காரனை முக்கால் மணி நேரம் நிற்க வைப்பது பாவம். சாப்பாட்டுக்காக மாட்டுங்கா வேண்டாம், ஒத்துக்கொண்டேன்.

சாப்பாட்டை எடுத்துவிட்டால் மாட்டுங்காவில் என்ன இருக்கிறது? 1896-இல் வந்த பிளேகுக்குப் பிறகு நெரிசலைக் குறைக்க ஆங்கிலேய அரசு நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்து, வடக்கே தாதர், மாட்டுங்கா என்று அளந்து மனை பிரித்தது. அங்கே குமாஸ்தாவாகவும் சுருக்கெழுத்தராகவும் வந்த தமிழர்கள் குடியேறி, 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை ஆரம்பித்து, 1952-இல் ஷண்முகானந்த சபாவை ஆரம்பித்து, வாழ வந்த ஊரில் ஒரு மயிலாப்பூரையே ஊன்றிவிட்டார்கள். ஸ்டேஷன் கிழக்கே இறங்கினால் வாழை இலைக் கட்டு, கதம்பம், முருங்கைக்காய், வறுத்து அரைக்கிற காப்பிக்கொட்டை வாசம். பத்து நிமிடம் நடந்தால் புரிந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தேவையில்லை.

என் நண்பனுக்கு நியாயமாகப் பார்த்தால் மாட்டுங்காவைவிட தாராவிதான் சொந்த ஊர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடுகிற வேலைக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள் அங்கே இருக்கிறார்கள். எங்கள் பக்கம் எந்தத் தெருவில் கேட்டாலும், ஒரு வீட்டுக்காவது தாராவியில் ஒரு சித்தப்பா உண்டு. இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும் இடத்தில் 90 அடி சாலை முழுக்கத் தமிழ்ப் பலகை, கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்துக் குயவர்கள், பொங்கலுக்குத் தெருவில் வரிசையாக அடுப்பு. இப்போது மறுசீரமைப்புத் திட்டம் வேறு வந்துவிட்டது, அடுத்த முறை அவன் வரும்போது எது எங்கே இருக்குமோ.

இதில் இரண்டு வழி. காசு கட்டினால் சுற்றிக் காட்டுகிற டூர்கள் இருக்கின்றன. அல்லது தெரிந்தவர் வீட்டுக்குப் போவது. டூரை நான் ஏற்கவில்லை. வழிகாட்டிகள் நல்லவர்களாகவே இருக்கலாம், ஆனால் சினிமாவில் பார்த்த தாராவியைத் தேடி ஒரு வீட்டு வாசலில் எட்டிப் பார்க்கிறவர்களோடு நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கும். அந்த வீட்டுக்காரம்மா தமிழில் ஏதாவது சொன்னால் எனக்குப் புரிந்து தொலைக்குமே. நண்பனுக்கு அங்கே ஒரு பெரியம்மா மகள் இருக்கிறாள் என்று தெரிந்ததும் பிரச்சினை தீர்ந்தது. அக்கா வீட்டுக்குப் போகிறோம், சாப்பிடுகிறோம், அவ்வளவுதான். யாருமே தெரிந்தவர் இல்லையென்றால்? மாட்டுங்காவோடு நிறுத்திக்கொள்வேன்.

சாயங்காலத்துக்கு ஜுஹுவா, பாந்த்ராவா, மரைன் டிரைவா என்பதில் அதிக நேரம் போகவில்லை. ஜுஹுவில் பாவ் பாஜியும் கூட்டமும், பாந்த்ராவில் நடிகர் வீட்டு வாசலில் நிற்கிறவர்களை வேடிக்கை பார்க்கலாம். குழந்தைகள் கூட வந்தால் சரி. இரண்டு ஆம்பளைகள் உட்கார்ந்து பேச மரைன் டிரைவ் சுவர்தான். டிக்கெட் இல்லை, எழுந்திரு என்று சொல்ல ஆள் இல்லை, மூணரை கிலோமீட்டர் நீளத்துக்குத் திண்ணை.

பெற்றோர் வயதில் யாராவது வந்தால் இந்தத் திட்டம் முழுக்க மாறும். எலிஃபண்டாவில் நாற்காலியில் தூக்கிக்கொண்டு போகிற ஆட்கள் உண்டு, என் அப்பாவை அப்படி ஏறச் சொன்னால் படகிலேயே திரும்பிவிடுவார். அவர்களுக்கு செட்டா நகர் முருகன் கோயில், சித்திவிநாயகர், மகாலட்சுமி, எல்லாம் காரில். சின்னப் பிள்ளைகளுக்கு பைகுல்லா ராணி பாக் விலங்குக் காட்சிசாலை, பென்குயின் இருக்கிறது. அங்கே பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தின் பக்கத்தில் நிற்கிற கல்யானைதான் எலிஃபண்டா தீவுக்கு அந்தப் பெயர் வரக் காரணமான யானை. தீவில் யானையைத் தேடுகிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

சரி, நடந்தது என்ன?

சனிக்கிழமை பதினொன்றே காலுக்கு செம்பூரில் ஏறினோம். நின்றுகொண்டே போனோம், குர்லா தாண்டியதும் அவனுக்கு நாலாவது சீட்டு கிடைத்தது. கையை அசைக்கச் சொல்லிக் கொடுத்தேன். மூன்று பேர் நகர்ந்தார்கள். உட்கார்ந்தவன் சிஎஸ்எம்டி வரை ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு விழாமல் இருப்பதிலேயே குறியாக இருந்தான். ராஜாபாய் மணிக்கூண்டைப் பார்த்து, “நம்ம ஊசிக் கோபுரத்துக்கு அண்ணன் மாதிரி இருக்குல” என்றான். பாளையங்கோட்டை தேவாலயத்தின் ஊசிக் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவன் வேறு எதைச் சொல்வான்.

எலிஃபண்டாவில் குகை வாசலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டான். வழிபாடு நடக்கிற கோயில் இல்லை, போட்டுக்கொண்டே வரலாம் என்றேன். “இருக்கட்டும்” என்றான். கை உடைந்த நடராசர் முன்னால்தான் ரொம்ப நேரம் நின்றான். ஐந்து சபைகளில் தாமிர சபை எங்கள் நெல்லையப்பர் கோயிலில் இருப்பது, அந்த உரிமையில் நின்றான் போல. நான் ஆசைப்பட்ட பேச்சு குகையில் நடக்கவில்லை. திரும்பி வருகிற படகில் நடந்தது. படகுக்கு வரிசை நீண்டு ஐந்தரை ஆகிவிட்டது, மரைன் டிரைவில் சூரியன் மறைவதைக் காட்டுவதாக இருந்த திட்டம் போயிற்று. அதற்குப் பதில் படகு மேற்கே திரும்பி வர, கேட்வேக்கும் தாஜ் ஹோட்டலுக்கும் பின்னால் ஊருக்குள் சூரியன் இறங்கியது. கடைசி பதினைந்து நிமிடம் அவன் தன் அப்பாவின் கடைசி மாதங்களைப் பற்றிச் சொன்னான், நான் போன வருடம் போக முடியாமல் போன சாவு. மரைன் டிரைவுக்கு இருட்டிய பிறகுதான் போனோம், சுவரில் உட்கார்ந்து அவன் கொண்டுவந்த அல்வாவை வாழையிலைத் துண்டோடு பிரித்து ஒன்பது மணி வரை தின்றோம்.

ஞாயிறு காலை நாங்கள் மாட்டுங்காவுக்குக் கிளம்புவதற்குள் கீழே பாம் பாம் என்று ஹாரன். இட்லிக்காரர் வந்துவிட்டார். சைக்கிள் கேரியரில் அலுமினியப் பானை, அதன்மேல் சட்னி வாளி. மனைவி மாடியிலிருந்தே எத்தனை என்று விரல் காட்டினாள். நண்பன் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு இறங்கியவன் இருபது நிமிடமாக ஏறி வரவில்லை. எட்டிப் பார்த்தால் இரண்டு பேரும் சைக்கிளுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவராக நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். சீவலப்பேரிக்காரராம். தாராவியில் அக்கா வீட்டுக்கு மூன்று சந்து தள்ளித்தான் ராத்திரி மாவரைக்கிறார்களாம். ஆறு வருடமாக அவரிடம் இட்லி வாங்குகிறேன், எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை. “மதினி, அண்ணாச்சி காசு வாங்க மாட்டேங்கிறாரு” என்று மேலே பார்த்துச் சொன்னான். மாட்டுங்காவுக்குப் போக மணி பதினொன்றாகிவிட்டது, அக்கா வீட்டில் சாப்பிட்டு எழுந்திருக்க மூன்று. வீட்டுப் பக்கத்து செட்டா நகர் முருகன் கோயிலுக்குக்கூடப் போகவே இல்லை.

புதன்கிழமை இரவு அம்மா போன் செய்தாள். படகைப் பற்றியோ குகையைப் பற்றியோ ஒன்றுமில்லை.

“ரயில்ல நாலாவது ஆளா அரைச் சீட்டுலதான் தெனமும் வேலைக்குப் போறியாமே?”

“ரெண்டு ஸ்டேஷனுக்குத்தாம்மா. குர்லாவுல பாதிப் பேர் இறங்கிருவாங்க.”